ஸ்டீமில் எங்கள் கேப்ஸ்யூல் படம்: கண்ணில் படுகிறது, உள்ளே யாரும் வருவதில்லை

ஏரிக்கரை:
வணக்கம். நானும் தம்பியும் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்துகொண்டிருக்கிறோம். பெயர் ‘கலிங்கு’, அதாவது ஏரியில் மிகுந்த நீர் வழிந்து வெளியேறும் இடம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஓர் ஊர் ஏரி உடையாமல் காப்பாற்ற வேண்டும். நீர் ஏற ஏற எந்த மடையைத் திறப்பது, யாருடைய வயலை மூழ்கவிடுவது, கலிங்குக் கற்களுக்கு நடுவே பலகை செருகுவதா உருவுவதா என்று ஒவ்வொரு இரவும் முடிவெடுக்க வேண்டும். கட்டம் கட்டமாக வரைந்த பிக்சல் ஆர்ட், உத்தி விளையாட்டு. கொஞ்சம் கடுமையானது. முதல் ஆட்டத்திலேயே ஏரியைக் காப்பாற்றியவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் கடையில் பக்கம் திறந்து, டெமோவும் போட்டாயிற்று. கடையின் பட்டியல்களில் விளையாட்டுக்கு அடையாளமாகத் தெரியும் கேப்ஸ்யூல் படம் தம்பி வரைந்தது. மேலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி முழு ஏரி, சுற்றிலும் பச்சை வயல், தென்னை, தூரத்தில் கோபுரம், மாலை வெயில். வலது கீழ் மூலையில் பெயர், அதற்கும் கீழே துணைத்தலைப்பு. திரை முழுக்க வைத்துப் பார்த்தால் அவ்வளவு அழகு, சட்டம் போட்டு மாட்டலாம். ஆனால் படம் பலர் கண்ணில் பட்டும் க்ளிக் செய்து உள்ளே வருகிறவர்கள் ரொம்பக் குறைவு. வந்தவர்களிலும் விஷ்லிஸ்ட் என்ற விருப்பப் பட்டியலில் போடாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். டெமோவை ஆடியவர் ஒருவர், “நிம்மதியா விவசாயம் பண்ணலாம்னு வந்தேன், ஊரே மூழ்கிப்போச்சு” என்று எழுதியிருந்தார்.

ஸ்டீம் நடத்தும் டெமோத் திருவிழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு விளையாட்டு ஒரு தடவைதான் கலந்துகொள்ள முடியும். அதற்குள் படத்தைச் சரிசெய்துவிட வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

பிக்சல்பாண்டி:
சின்னதிலிருந்து தொடங்குங்கள். ஸ்மால் கேப்ஸ்யூல் என்று 462×174 அளவில் ஒன்று ஏற்றுகிறீர்கள் இல்லையா, அதிலிருந்து ஸ்டீம் தானாகவே 184×69, 120×45 என்று குட்டிப் படங்கள் எடுத்துக்கொள்ளும். தேடல் பட்டியல், அதிகம் விற்பவை, புதுவரவு என்று பாதிக் கடையில் ஓடுவது இந்தச் சின்னதுதான். உங்கள் படத்தை 120×45 ஆக்கிப் பார்த்தேன். ஏரி ஒரு சாம்பல் திட்டு, வயல் ஒரு பச்சைத் திட்டு. கோபுரத்தைக் காணவே காணோம்.

பெயருக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஏழு எழுத்து. படத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள். 120 பிக்சலில் அது 40. ஓர் எழுத்துக்கு 6 பிக்சல்கூடத் தேறாது, அதில் கோடு ஒரு பிக்சல். அதே பெயரை விளிம்பில் கொஞ்சம் மட்டும் விட்டு விரித்தால் எழுத்துக்கு 14, 15 பிக்சல் கிடைக்கும். படிக்கலாம். சின்ன கேப்ஸ்யூலைப் பெரும்பாலும் பெயரே நிறைக்க வேண்டும் என்று ஸ்டீமின் வழிகாட்டியிலும் சொல்லியிருக்கிறார்கள். அங்கே ஓவியம் காட்ட இடம் இல்லை. துணைத்தலைப்பைச் சின்னதிலிருந்து எடுத்துவிடுங்கள், 45 பிக்சல் உயரத்தில் இரண்டாவது வரி வெறும் கறை.

அந்த ஃபாண்ட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கில எழுத்துக்கு மேலே இந்தி மாதிரித் தலைக்கோடு இழுத்த ஃபாண்ட். தஞ்சாவூர்ப் பக்கத்து ஏரிக்கும் தேவநாகரித் தலைக்கோட்டுக்கும் என்ன சம்பந்தம்? அது போகட்டும். சின்னதாக்கினால் அந்தக் கோடு ஏழு எழுத்தையும் ஒட்டவைத்து ஒரே பட்டையாக்கிவிடுகிறது.

மையும்தூரிகையும்:
நான் கீ ஆர்ட், அதாவது விளையாட்டுகளின் முதன்மை விளம்பர ஓவியம் வரைந்து பிழைக்கிறவள். அளவைப் பற்றிப் பாண்டி அண்ணா சொன்னது சரி. ஆனால் உங்கள் சிக்கல் அளவோடு முடியவில்லை. டெமோவில் ஒருவர் எழுதியதாகச் சொன்னீர்களே, அதை இன்னொரு தடவை படியுங்கள். படம் வேலை செய்திருக்கிறது, ஆனால் வேறொரு விளையாட்டுக்காக. பச்சை வயல், மாலை வெயில், உயரத்திலிருந்து அமைதியான ஊர். ஸ்டீமில் இந்த மூன்றும் சேர்ந்தால் அதற்கு ஒரே பொருள்தான்: பண்ணை வைத்து, பயிர் வளர்த்து, நிம்மதியாக இருக்கலாம். ஸ்டார்ட்யூ வேலி என்ற பண்ணை விளையாட்டு 2016இல் வந்த பிறகு அந்தக் கூட்டத்தின் கண் இதற்குப் பழகிவிட்டது. அவர்கள் உங்கள் படத்தைப் பார்த்து உள்ளே வந்து, ஸ்க்ரீன்ஷாட்டில் வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். உங்களுக்கு வேண்டிய உத்திக் கூட்டமோ ‘இது நமக்கில்லை’ என்று தாண்டிப் போகிறது.

க்ளிக் குறைவது ஒரு நஷ்டம். தப்பான ஆள் க்ளிக் செய்வது அதைவிடப் பெரிய நஷ்டம்.

ரீஃபண்ட்ராஜா:
நான் விளையாட்டு செய்கிறவன் இல்லை, காசு கொடுத்து வாங்குகிறவன். மேலே சொன்னது நூற்றுக்கு நூறு. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தந்துவிடும். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் அதைத் தயங்காமல் பயன்படுத்துகிறவன். விளையாட்டு மோசம் என்று திருப்பிக் கொடுத்தது குறைவு. படம் ஒன்று சொல்லி, உள்ளே வேறு ஒன்று இருந்ததால் திருப்பிக் கொடுத்ததுதான் அதிகம்.

பட்டியலை நான் படிப்பதே இல்லை, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவேன். நின்றால் இரண்டு காரணம்தான். தெரிந்த ஜானர், தெரிந்த வகை விளையாட்டு என்று பட வேண்டும், அல்லது ‘இது என்னடா’ என்று தோன்ற வேண்டும்.

லூப்புக்குள்_லூப்:
எல்லாரும் படத்தையே தூக்கில் போடுகிறீர்கள். முதலில் கணக்கைப் பாருங்கள். விளையாட்டு செய்கிறவர்களுக்கான ஸ்டீம்வொர்க்ஸ் தளத்தில், வருகையைக் காட்டும் போக்குவரத்து அறிக்கையை மொத்தமாகப் படிக்கக்கூடாது, எந்த வழியாக என்று பிரித்துப் படிக்க வேண்டும். விளையாட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் டிஸ்கவரி க்யூவில் ஆளை நேரே உங்கள் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே கேப்ஸ்யூலுக்கு வேலையே இல்லை. அந்த வருகையையும் தேடல் பட்டியலில் கிடைக்கும் வருகையையும் கூட்டிச் சதவீதம் போட்டால் ஒன்றும் விளங்காது. தேடல் முடிவு, ‘இதைப் போன்றவை’ பட்டியல் இரண்டையும் தனியாக எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, டேக், அதாவது விளையாட்டு எந்த வகை என்று ஒட்டும் குறிச்சொல். உங்கள் விளையாட்டை யார் பக்கத்தில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வதில் டேக்குக்குப் பெரிய பங்கு உண்டு. டேக்கில் ‘விவசாயம்’, ‘ஓய்வான’ என்று போட்டுவைத்துவிட்டு ஓவியரைத் திட்டிப் புண்ணியமில்லை.

ஏரிக்கரை:
லூப், பார்த்தேன். ‘ஓய்வான’ டேக் இருக்கிறது, விவசாயமும் இருக்கிறது. வயல் இருக்கிறதே என்று போட்டது. இன்றே எடுத்துவிடுகிறேன். பிரித்துப் பார்த்தாலும் ‘இதைப் போன்றவை’ பட்டியலில்தான் அடி. பண்ணை விளையாட்டுகளுக்கு நடுவே நிற்கிறோம்.

சரி, ஏரியை மேலிருந்து காட்டக்கூடாது என்றால் எதைக் காட்டுவது? விளையாட்டின் நாயகனே ஏரிதான்.

பிக்சல்பாண்டி:
உங்களுக்குக் கிட்டத்தட்ட உறவுக்காரன் ஒன்று இருக்கிறது: டிம்பர்பார்ன். போலந்துக்காரர்கள் செய்தது, 2021 செப்டம்பரில் முன்னணுகலுக்கு, அதாவது முழுதாக முடியும் முன்பே விற்பனைக்கு வந்தது. அதுவும் அணை கட்டி, தண்ணீரைத் தேக்கி, வறட்சியைத் தாண்டும் விளையாட்டுதான். அங்கேயும் ஆட்டம் முழுக்கத் தண்ணீர்தான், ஆனால் விளம்பரத்தில் முன்னால் வந்து நிற்பது அணை கட்டும் விலங்கான பீவர். தண்ணீருக்கு முகம் கிடையாது. பார்க்கிறவன் பற்றிக்கொள்ள ஒரு உயிர் வேண்டும்.

ஹாலோ நைட் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்கு நடுவில் இரண்டு கொம்பு வைத்த வெள்ளை முகமூடி. எவ்வளவு சுருக்கினாலும் அது அதுதான். பலாட்ரோவில் மனிதரே இல்லை, ஆனால் சீட்டில் ஜோக்கர் இருக்கிறான், பின்னால் சிவப்பும் நீலமும் சுழல்கிறது. சீட்டு விளையாட்டு, ஆனால் ஏதோ கோளாறான சீட்டு விளையாட்டு என்று விளங்கிவிடுகிறது.

மையும்தூரிகையும்:
உங்கள் விளையாட்டில் ஆடுகிறவர் யாராக ஆடுகிறார்? ஊர்த் தலைவரா, நீர்க்கட்டியா?

ஏரிக்கரை:
நீர்க்கட்டி. மடையைத் திறந்து மூடுகிறவர். முதல் இரவில் கையில் அரிக்கேன் விளக்கோடு கரையில் நடந்து வருவதுதான் தொடக்கம்.

மையும்தூரிகையும்:
ஆளும் விளக்கும் கையில் இருக்க, எதற்கு ஐயா தென்னை மரம் வரைந்தீர்கள்! அவர்தான் படம். கரைமேல் முழு ஆளாக நிற்கவைக்காதீர்கள். 462×174 என்பது படுத்துக்கிடக்கும் சட்டம். முழு ஆளை நிறுத்தினால் 45 பிக்சல் உயரத்தில் தலை நான்கைந்து பிக்சல்தான் வரும். மார்போடு வெட்டுங்கள். முகத்தில் பாதி வெளிச்சம், ஒரு கை எதையோ இறுக்கிப் பிடித்திருக்கட்டும். அந்தக் கை எதைப் பிடித்திருக்கிறது என்பதில்தான் விளையாட்டின் சேதி இருக்கிறது.

வன்னிக்குளம்:
வணக்கம், கிளிநொச்சியில இருந்து எழுதுறன். எங்கட பக்கமும் வாழ்க்கை குளத்தோடதான். இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாயேக்க, மிச்சத் தண்ணி வழியிறதை சனம் போய் நிண்டு பாக்கும். அப்ப எடுத்த படங்களில எனக்கு ஒண்டு விளங்கினது: தூரத்தில இருந்து எடுத்தால் வெள்ளம் வெறும் தண்ணிதான், பயம் வராது. ஏதாவது ஒண்டு அதை மறிச்சுக்கொண்டு நிக்க வேணும். தூண், கதவு, ஆள், எதெண்டாலும் சரி. அதில மோதி நுரை எழும்பேக்கதான் தண்ணியின்ர பலம் தெரியும்.

உங்கட பக்கத்து ஏரிகளுக்குள்ள இரண்டு கல்தூண் நிக்குமே, அதைப் பாவிக்கலாமே?

ஏரிக்கரை:
குமிழித் தூம்பு! புதுக்கோட்டைப் பக்கம் நிறைய உண்டு. ஏரிக்குள்ளே இரண்டு கருங்கல் தூண், நடுவே குறுக்குக் கற்கள். அந்தக் கல்லில் இருக்கும் துளை வழியாகக் கம்பு இறங்கி அடியிலுள்ள வாயை அடைத்திருக்கும். தூக்கினால் நீர் அடியில் ஓடும், சேறு ஓட வேறு துளை. விளையாட்டிலும் பழைய மடை அதுதான். கடைசி இரவில் வெள்ளத்துக்குள் இறங்கி அதைத் திறக்க வேண்டும்.

இதைப் படத்தில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மையும்தூரிகையும்:
அருமையான வடிவம். இரண்டு தூண், நடுவே கம்பைத் தூக்குகிற ஆள், சுற்றிச் சுழலும் நீர். நிழலுருவாக்கினாலும் நிற்கும். வேறு எந்த விளையாட்டிலும் இல்லாதது. நாளையே வரைய ஆள் தேடுங்கள்.

பிக்சல்பாண்டி:
கொஞ்சம் பொறுங்கள். தண்ணீருக்குள் இரண்டு தூண், மேலே குறுக்குக் கல். இதைப் பார்த்தால் தமிழ்நாட்டுக்கு வெளியே உள்ள ஆளுக்கு என்ன ஞாபகம் வரும்? ஜப்பானியக் கோவில்களின் தோரி வாசல். இட்சுகுஷிமாவில் கடலுக்குள் நிற்கிறதே, அது. தோரியில் குறுக்குக் கட்டை தூண்களைத் தாண்டி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், தூம்பில் பெரும்பாலும் தூண்களுக்கு இடையிலேயே அடங்கிவிடும் என்று நீங்கள் வாதாடலாம். 120 பிக்சலில் அந்த வாதம் எடுபடாது. சாமுராய் விளையாட்டு என்று எண்ணி ஒரு கூட்டம் வரும். விவசாயக் கூட்டத்தை அனுப்பிவிட்டு இந்தக் கூட்டத்தை அழைத்துவர வேண்டுமா?

மையும்தூரிகையும்:
நியாயம். அப்படியானால் வாசல் என்ற வடிவமே தெரியாதபடி வெட்டலாம். ஒரே ஒரு தூண், இடது விளிம்பில் பாதி வெட்டுப்பட்டு. குறுக்குக் கல்லின் ஒரு முனையும் துளையும், அதிலிருந்து மேலே வரும் கம்பு, அதைப் பிடித்த இரண்டு கை, கைக்குப் பின்னால் முகம். முழுத் தூம்பை விளையாட்டுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். 600×900 நூலகப் படம் நின்ற வாக்கில் இருப்பதால் அதில் மட்டும் இரண்டு தூணையும் காட்டலாம். அது வாங்கியவருக்கான படம், அவருக்கு இது சாமுராய் இல்லை என்று தெரியும்.

லூப்புக்குள்_லூப்:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சின்னக் குழுக்கள் தாமே செய்யும் எல்லா இண்டி விளையாட்டும் இப்போது கோபமான ஒரு முகத்தை முன்னால் வைக்கிறது. பத்தோடு பதினொன்று ஆவதற்கு இவ்வளவு பாடா? கலிங்கையே காட்டுங்கள். வரிசையாக நட்ட கல், இடையிடையே பீறிடும் தண்ணீர். படுத்த சட்டத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். விளையாட்டின் பெயரும் அதுதான்.

பிக்சல்பாண்டி:
வரிசைக் கல் நல்ல யோசனைதான், ஆனால் பார்வை எங்கே நிற்கும்? எல்லாக் கல்லும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. சுருக்கினால் வேலி. ஒரு கல் சாய்ந்து, அதன் இடுக்கில் ஒருவர் தோளைக் கொடுத்துப் பலகையை அழுத்துகிறார் என்றால் சரி. அப்படிப் பார்த்தால் மறுபடியும் ஆளிடம்தான் வந்து நிற்கிறோம்.

லூப்புக்குள்_லூப்:
ஆள் இருக்கட்டும். முகம் வேண்டாம், முதுகு போதும்.

மையும்தூரிகையும்:
முதுகு வரைவதில் தப்பில்லை, முதுகும் பேசும். இரண்டையும் பென்சிலில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சொல்லிலேயே சண்டை போட்டால் விடியாது.

அதற்கு முன் நிறத்தைப் பேசிவிடலாம். ஏரிக்கரை, இரவு வெள்ளம் என்றதும் உங்கள் தம்பி கருநீலத்தைக் கையில் எடுப்பார். தடுத்துவிடுங்கள். ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். அதன்மேல் கருநீலப் படத்தை வைத்தால் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது, கடையில் ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும். விளக்கு வெளிச்சத்தை வைத்துப் படத்தைக் காவி, மஞ்சள் பக்கம் இழுங்கள். வரைந்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். முகமும் பெயரும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரியவில்லையென்றால் நிறத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஒளியை மாற்ற வேண்டும்.

தண்ணீரின் நிறம் தனிச் சிக்கல். நம் ஊர் வெள்ளம் செம்மண் நிறம். நேர்மையாக அப்படியே வரைந்தால் சின்னதில் தரை என்றுதான் தோன்றும். உடம்பு பழுப்பாக இருக்கட்டும், விளிம்பில் நுரையை வெள்ளையாக, அழுத்தமாக வையுங்கள். வன்னிக்குளம் சொன்ன மாதிரி தூணில் மோதித் தெறிக்கட்டும். மழைக்கோட்டைப் படம் முழுக்க இழுக்காதீர்கள். சுருக்கினால் அது மழையாக இருக்காது, தூசியாகிவிடும். தோளில் பட்டுத் தெறிக்கும் நாலு துளி போதும்.

ஏரிக்கரை:
இன்னொரு குழப்பம். விளையாட்டு பிக்சல் ஆர்ட். படத்தை மட்டும் ஓவியமாக வரைந்தால் ஏமாற்றுவதாக ஆகாதா? ரீஃபண்ட்ராஜா மாதிரி ஆட்கள் சண்டைக்கு வரமாட்டார்களா?

ரீஃபண்ட்ராஜா:
வரமாட்டேன். பக்கத்தில் ஸ்க்ரீன்ஷாட் இருக்கிறதே. வேம்பயர் சர்வைவர்ஸ் உள்ளே பொடிப் பொடி பிக்சல், வெளியே பழைய விளையாட்டு அட்டை மாதிரி வரைந்த ஓவியம். யாரும் திட்டவில்லை, ஏனென்றால் ஓவியம் சொன்ன கூத்துதான் உள்ளேயும் நடந்தது. மனநிலையில் பொய் சொன்னால்தான் எனக்குக் கோபம் வரும்.

பிக்சல்பாண்டி:
தொழில்நுட்பமாகவும் ஓவியமே மேல். பிக்சல் ஆர்ட்டைச் சரியாகப் பாதி, நான்கில் ஒன்று என்று சுருக்கினால் ஓரளவு தாங்கும். ஸ்டீம் 462ஐ 184 ஆக்கும், 120 ஆக்கும். முழு எண்ணில் வகுபடாது. கட்டம் கட்டமாக நீங்கள் இழைத்தது கலங்கிப்போகும். பிக்சல் ஆர்ட்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். ஸ்டீமே சுருக்கிக்கொள்ளும் அளவில் உங்கள் கைக்கு வேலை இல்லை.

வன்னிக்குளம்:
ஏஐயில உருவாக்கினால் காசு மிச்சம் எண்டு ஒரு நண்பன் சொல்லுறான். அதைப் பற்றி என்ன நினைக்கிறியள்?

மையும்தூரிகையும்:
நான் என்ன சொல்வேன் என்று உங்களுக்கே தெரியும், என் வயிற்றுப் பிழைப்பு. அதை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறேன். ஏஐ பயன்படுத்தினால் ஸ்டீமிடம் சொல்ல வேண்டும், அது கடைப் பக்கத்திலும் தெரியும். 2024 ஜனவரியிலிருந்து இந்த நடைமுறை. இண்டி விளையாட்டு வாங்குகிறவர்களில் அதைப் பார்த்ததுமே பக்கத்தை மூடுகிறவர்கள் கணிசம். தவிர, குமிழித் தூம்பு வரையச் சொல்லிப் பாருங்கள். தோரி வாசல்தான் வரும்.

ஏரிக்கரை:
சென்ற ஆண்டு ஓர் உள்ளூர்ப் போட்டியில் எங்களுக்குப் பரிசு கிடைத்தது. அந்த முத்திரையைப் படத்தின் மூலையில் வைக்கலாமா? கொஞ்சம் மரியாதை கிடைக்குமே.

லூப்புக்குள்_லூப்:
கூடாது. 2022 செப்டம்பர் 1 முதல் விதி கறாராகிவிட்டது. கேப்ஸ்யூலில் விளையாட்டின் ஓவியம், பெயர், அதிகாரபூர்வத் துணைத்தலைப்பு மட்டும்தான் இருக்கலாம். விருது, விமர்சன மதிப்பெண், தள்ளுபடி வாசகம், வேறு விளையாட்டின் விளம்பரம் எதுவும் கூடாது. தமிழ்க் குடும்பம் ஒன்றின் சமையலறையை வைத்துச் செய்த ‘வெண்பா’ என்ற விளையாட்டு 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் அறிமுக விளையாட்டு விருது வாங்கியது. அந்த டொரண்டோ குழுவே அதை கேப்ஸ்யூலில் போட முடியாது, உங்கள் உள்ளூர்க் கோப்பையை எங்கே வைப்பது? விருதையெல்லாம் கடைப் பக்கத்துக்குள்ளே எழுதலாம்.

பெரிய அப்டேட் வரும்போது மட்டும் தற்காலிக மாற்றுப் படம் வைக்கலாம். அதிகபட்சம் ஒரு மாதம், பிறகு பழையது திரும்பிவிடும். அந்தப் படத்தில் அப்டேட்டைப் பற்றி எழுதலாம், ஆனால் விளையாட்டு எந்தெந்த மொழியில் இருக்கிறதோ அத்தனையிலும் அந்த எழுத்து இருக்க வேண்டும்.

பிக்சல்பாண்டி:
மொழி என்றதும் ஒன்று. சீனத்தில் வெளியிடுகிறீர்கள் என்றால் பெயரைச் சீன எழுத்தில் போட்டு அந்த மொழிக்கென்று தனி கேப்ஸ்யூல் ஏற்றுங்கள், ஸ்டீமில் அந்த வசதி இருக்கிறது. தமிழுக்கு அப்படிச் செய்யத்தான் ஆசை, ஆனால் ஸ்டீம் தன் கடையைத் தமிழில் காட்டுவதே இல்லை. தமிழில் பெயர் வேண்டுமென்றால் எல்லாரும் பார்க்கும் பொதுப் படத்திலேயே சேர்த்தால்தான் உண்டு.

ஏரிக்கரை:
தம்பிக்கு அது ஒரு கனவு. ஆங்கில எழுத்துக்குக் கீழே தமிழில் ‘கலிங்கு’.

மையும்தூரிகையும்:
பெரிய அளவுகளில் வையுங்கள், நன்றாக இருக்கும். 1232×706 முகப்புப் படம், 748×896 நின்ற படம், இரண்டிலும் இடம் இருக்கிறது. கல்லில் வெட்டிய எழுத்து மாதிரி, அந்தக் குறுக்குக் கல்லிலேயே செதுக்கியதாகக்கூட வரையலாம். தூம்புக் கல்லில் கல்வெட்டு இருப்பதும் உண்டுதானே? அப்போது அது ஓவியத்தின் பகுதியாகிவிடும், இரண்டாவது லோகோவாகப் போட்டி போடாது. சின்னதில் வேண்டாம்.

இன்னொரு சின்ன விஷயம். படத்தின் இடது மேல் மூலையைக் காலியாக விடுங்கள். ‘விஷ்லிஸ்ட்டில் உள்ளது’, ‘நூலகத்தில் உள்ளது’ என்று ஸ்டீம் ஒட்டும் பட்டை அங்கேதான் வந்து உட்காரும். பெயரின் முதல் எழுத்தை அது விழுங்கிவிடும்.

ஏரிக்கரை:
ஓவியரிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்? தம்பி லோகோ பார்த்துக்கொள்வான், ஓவியத்தை வெளியே கொடுப்பதாக முடிவு.

மையும்தூரிகையும்:
ஒரே தட்டையான படமாக மட்டும் வாங்காதீர்கள். ஆள், தூண், நுரை, பின்னணி, விளக்கு வெளிச்சம் எல்லாம் தனித்தனி லேயராக, அடுக்கடுக்காகப் பிரித்து எடுக்கும்படி இருக்கும் மூலக் கோப்பு வேண்டும் என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டிய வடிவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஸ்மால் கேப்ஸ்யூல் உயரத்தைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் அகலம், கடைப் பக்கத்தின் மேலே வரும் 920×430 ஹெடர் இரண்டு மடங்குக்குச் சற்று மேல், நூலகப் படமோ நின்ற வாக்கு. ஒரே படத்தை வெட்டி வெட்டி எல்லாவற்றுக்கும் ஒப்பேற்றினால் ஒன்றில் தலை போகும், ஒன்றில் கை போகும். லேயர் இருந்தால் ஆளை நகர்த்தி, பின்னணியை நீட்டிச் சமாளிக்கலாம். நூலகத்தின் மேலே வரும் 3840×1240 ஹீரோ படத்தில் எழுத்தே இருக்கக்கூடாது, லோகோவை ஸ்டீம் தனியாக அதன்மேல் வைக்கும். அங்கே முக்கியமானதை நடுவிலேயே வையுங்கள், திரைக்குத் தகுந்தபடி ஓரம் வெட்டுப்படும்.

வண்ணம் தீட்டுவதற்கு முன் உள்ளங்கை அகலத்தில் சில பென்சில் யோசனைகளைக் கேளுங்கள். மாற்றம் சொல்வதெல்லாம் அப்போதே சொல்லிவிட வேண்டும். முழுக்கத் தீட்டிய பிறகு ‘அந்தக் கையை மட்டும் கொஞ்சம்’ என்று வருகிற வாடிக்கையாளரை எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது. காசு தரும் கட்டங்கள், உரிமை யாருக்கு, டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாமா, எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

ரீஃபண்ட்ராஜா:
பென்சில் படம் வந்ததும் இங்கே போடுங்கள், எது நல்லது என்று ஓட்டு போடுகிறோம்.

லூப்புக்குள்_லூப்:
ஓட்டு வேண்டாம். இந்த இழையைப் படித்த எல்லாருக்கும் தூம்பு தெரியும், கலிங்கு தெரியும். நாம் சாட்சிக்கு ஆகமாட்டோம். உத்தி விளையாட்டு டேக்கில் தேடல் பக்கத்தை ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். நடுவில் ஒரு படத்தின் மேல் உங்கள் சின்ன கேப்ஸ்யூலை ஒட்டுங்கள். விஷயம் தெரியாத ஆளிடம் போனில் இரண்டு விநாடி காட்டி எடுத்துவிடுங்கள். ‘எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஏதாவது சொல்வார்கள். ‘எது ஞாபகம் இருக்கிறது, அதில் என்ன செய்ய வேண்டியிருக்கும்’ என்று கேளுங்கள்.

ஸ்டீமிலேயே இரண்டு படத்தை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்க்கும் வசதி இல்லை. கூகுள் ப்ளேயில் உண்டு, உங்களுக்கு மொபைல் பதிப்பு இல்லை. அதனால் படத்தை மாற்றிய தேதியைக் குறித்துவைத்து, முன்னும் பின்னும் அதே வழி வருகையை ஒப்பிடுங்கள். இடையில் தள்ளுபடியோ பெரிய விற்பனைத் திருவிழாவோ வந்தால் அந்தக் கணக்கைத் தூக்கிப்போடுங்கள். படத்தையும் டேக்கையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

ஏரிக்கரை:
டேக்கை அப்போதே மாற்றிவிட்டேன். அப்படியானால் அதன் பலன் தெரியும்வரை படத்தில் கை வைக்கவில்லை. எப்படியும் ஓவியர் கிடைத்து வரைந்து முடிக்க நாளாகும்.

தம்பியோடு பேசி எழுதிய குறிப்பு இது, ஓவியருக்கு அனுப்பப்போவது: ‘இரவு, வெள்ளம். ஐம்பது வயது நீர்க்கட்டி, மார்போடு. இடது விளிம்பில் வெட்டுப்பட்ட கருங்கல் தூண், குறுக்குக் கல்லின் முனையில் துளை, அதிலிருந்து வரும் கம்பை இரண்டு கையாலும் மேலே இழுக்கிறார். விளக்கு தூணில் தொங்குகிறது, வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கம். தண்ணீர் செம்மண், தூணில் மோதும் இடத்தில் வெள்ளை நுரை. கோபுரம், தென்னை, வயல் வேண்டாம். வலப்பக்கம் பெயருக்கு. மாற்று யோசனை: கலிங்குக் கற்களுக்கு நடுவே தோள் கொடுக்கும் ஆள், முதுகுப்பக்கம்.’ கடைசி வரி லூப்புக்காக.

லூப்புக்குள்_லூப்:
நன்றி. ஜெயிக்கப்போவது அதுதான்.

மையும்தூரிகையும்:
குறிப்பு நன்றாக இருக்கிறது. தூம்பின் புகைப்படங்களைக் கூடவே அனுப்புங்கள், கிட்டத்தில் எடுத்தது, துளை தெரிகிற மாதிரி. வெளியூர் ஓவியர் என்றால் அதை அவரால் கற்பனை செய்ய முடியாது. நீர்க்கட்டியின் கண் பார்வை எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். வலப்பக்கம், பெயரைப் பார்க்கட்டும்.

பிக்சல்பாண்டி:
ஸ்மால் கேப்ஸ்யூலுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று குறிப்பில் இல்லையே. மேலே எழுதியதெல்லாம் பெரியதற்குத்தான் பொருந்தும்.

ஏரிக்கரை:
அதில் ஆள் இல்லை. இருட்டுப் பின்னணி, காவி வெளிச்சம், விளிம்புக்கு விளிம்பு பெயர், எழுத்துக்குக் கீழே நுரை. தலைக்கோடு இல்லாத தடித்த ஃபாண்ட். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வரைந்துகொண்டிருக்கிறான்.

பிக்சல்பாண்டி:
120×45இல் ஏற்றுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.